முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம்

மேடைக்குப் போடும் மேக்கப் வேறு, கேமராவுக்குப் போடும் மேக்கப் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வது டெல்லி ஒப்பனை அறைகளில் வாடிக்கை. ஆடுகிற பெண்ணின் நிறத்தையே அழித்துவிடுவது அதைவிடப் பெரிய வாடிக்கை.

அரங்கேற்றம் முடிந்து மூன்று வாரம் கழித்து ஆல்பம் வந்தது. ஆர்.கே. புரத்தில் என் அக்காள் வீட்டுக் கூடத்தில், ரஜாய்க்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மாவின் மடியில் அதை வைத்தோம். பேத்தியின் அரங்கேற்றத்துக்காகக் கும்பகோணத்திலிருந்து வந்து டெல்லிக் குளிரில் மாட்டிக்கொண்டவர் அவர். முதல் பக்கத்தில் முழு அளவில் ஒரு முகம். அம்மா கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, "இது யாருடி?" என்று கேட்டார்.

"நான்தான் பாட்டி."

அம்மா இன்னும் சற்று நேரம் பார்த்தார். "கை உன் கை மாதிரிதான் இருக்கு" என்றார்.

எங்கள் வீட்டுப் பெண் நல்ல கறுப்பு. மாநிறம் என்று பூசி மெழுக வேண்டியதில்லை. ஆனால் படத்தில் இருந்த முகம் ரோஜா கலந்த வெள்ளை. அந்த வெள்ளை காதுமடலோடு நின்றுவிட்டது. கழுத்தில் அட்டிகைக்கும் மாங்காய் மாலைக்கும் இடையே தெரிந்த தோல் அவளுடையது. அபிநயத்தில் முகத்தருகே உயர்த்திய கை அவளுடையது. கன்னத்தில் இரண்டு வட்டச் சிவப்பு. புருவம் கரிக்கட்டையால் கோடு போட்டதுபோல் இருந்தது. இருபதாவது வரிசையிலிருந்து பார்த்தபோது இந்தக் கோளாறு எதுவும் எனக்குப் படவில்லை, நன்றாகவே இருந்தது. கேமராதான் காட்டிக்கொடுத்தது.

அன்று மாலை ஒப்பனை அறையில் நானும் இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேக்கப்காரர் பெட்டியைத் திறந்ததும் உள்ளே மூன்று நிற ஸ்டிக்குகள்தான் இருந்தன. மூன்றும் அவளைவிட வெளுப்பு. இருப்பதில் வெளுப்பானதை அவர் எடுத்தபோது பெண் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அடுத்து ஒரு பள்ளி விழா இருந்தது. எங்களுக்கு மல்லிகைப் பூ இன்னும் வந்து சேராத பதற்றம். அவர்மீது மட்டும் பழி போடவும் முடியாது. அதே அறையின் மறுமூலையில் ஒரு தாய் தன் மகளுக்காக இந்தியில் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்: கொஞ்சம் கலராகக் காட்டுங்கள்.

ஒப்பனைக்கு நம் மொழியில் இருக்கும் இன்னொரு பெயரே கொஞ்சம் பயமுறுத்தக்கூடியது. 'அரிதாரம் பூசுதல்' என்கிறோம். அரிதாரம் என்பது ஒரு மஞ்சள் தாதுப்பொருள். வேதியியல்படி ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது. அதைப் பொடித்து, எண்ணெயில் குழைத்து முகத்தில் தடவிக்கொண்டுதான் கூத்தாடிகள் விடிய விடிய ஆடினார்கள். டெல்லியில் சர்வதேச கதகளி மையத்தின் நிகழ்ச்சிகளைப் பார்த்தவர்களுக்கு இதே பொருள் 'மனயோலா' என்ற பெயரில் அறிமுகமாகியிருக்கும். அதோடு நீலம் சேர்த்தால் பச்சை வேஷத்தின் பச்சை. சிவப்புக்குச் சாயில்யம். அது பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. சுட்டி குத்தும்போது நடிகர் மல்லாந்து படுத்துக்கொள்வார். வேஷம் முடிய மூன்று நான்கு மணி நேரம் ஆகும்.

ஆனால் கதகளியில் அந்த நடிகரின் சொந்த நிறம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. அங்கே முகம் ஒரு முகமூடி. ஸ்ரீராம் பாரதிய கலா கேந்திரம் 1957-லிருந்து நவராத்திரி சமயத்தில் நடத்திவரும் ராம்லீலாவில் ராவணனுக்கும் அப்படித்தான். பரதநாட்டிய மார்க்கம் வேறு ரகம். வர்ணத்தில் ஏங்குகிறவளும், பதத்தில் கோபிக்கிறவளும், ஜாவளியில் கேலி செய்கிறவளும் ஒரே பெண், ஒரே முகம். அந்த முகத்தின்மேல் வேறொரு முகத்தை ஒட்டினால் அபிநயம் செய்வது யார்?

நிறத்தை மாற்றச் சொல்வது சாஸ்திரமா என்றால் அதுவும் இல்லை. நாட்டிய சாஸ்திரம் அபிநயத்தை நான்காகப் பிரித்து, அதில் ஒன்றாக ஆஹார்யத்தை வைக்கிறது. உடை, அணி, ஒப்பனை எல்லாம் அதில் அடக்கம். வெள்ளை, நீலம், மஞ்சள், சிவப்பு என்ற நான்கு மூல வண்ணங்களைக் கலந்து மற்ற வண்ணங்களை உண்டாக்கும் முறை அதில் இருக்கிறது. எந்த நாட்டுப் பாத்திரத்துக்கு எந்த நிறம் என்ற பட்டியலும் இருக்கிறது. தென்னாட்டாருக்கு அது சொல்லும் வண்ணம் கறுப்பு! சாஸ்திரப்படிதான் போடுவேன் என்று பிடிவாதம் பிடிக்கும் ஒரு மேக்கப்காரர் கிடைத்தால் எங்கள் பெண் பிழைத்திருப்பாள்.

சிலப்பதிகாரத்தில் மாதவி நீராட, பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறவைத்த நீர் வேண்டியிருந்தது. பாதத்துக்கு அலத்தகம், அதாவது இன்று நாட்டியப் பெண்கள் புட்டியில் வாங்கும் அல்தாவின் மூதாதை. எம்.ஏ. வகுப்பில் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தபோது என் கண்ணில் படாத ஒரு செய்தி, பல வருடம் கழித்து கமானி அரங்கத்தில் உட்கார்ந்திருந்தபோது உறைத்தது. மாதவி அரங்கேறிய மேடையை வருணிக்கும் இளங்கோ, தூண்களின் நிழல் குறுக்கே விழாதபடி விளக்குகளை நிறுத்தினார்கள் என்கிறார். ஒப்பனையைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: விளக்கு எங்கே இருக்கிறது, என்ன விளக்கு?

கோயிலிலும் மிராசுதார் வீட்டுக் கூடத்திலும் எண்ணெய் விளக்கொளியில் சதிர் ஆடிய காலத்தில், பார்ப்பவர்கள் பத்தடி தூரத்தில் இருந்தார்கள். மஞ்சளும் மையும் பொட்டும் போதும். 1935-ல் அடையாற்றில் ருக்மிணி தேவி ஆடியதற்குப் பிறகு, தியசாபிகல் சங்கத்து மேல்நாட்டு நண்பர்களின் துணையோடு நாடக மேடையின் ஒளியமைப்பு நடனத்துக்குள் வந்தது. இன்று மண்டி ஹவுஸ் வட்டாரத்து அரங்குகளில், 1971-ல் திறந்த கமானியை எடுத்துக்கொண்டால், 600-க்கும் மேற்பட்ட இருக்கைகள். மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் ஆயிரக்கணக்கான வாட் வெளிச்சம். அந்த வெளிச்சம் முகத்தின் மேடு பள்ளத்தைத் தின்றுவிடும். மூக்கு மழுங்கும், புருவம் காணாமல் போகும், உதடு கன்னத்தோடு கலந்துவிடும். மேடை மேக்கப் என்பது வெளிச்சம் தின்றதைத் திருப்பிப் போடும் வேலை. வெளுப்பாக்கும் வேலை அல்ல.

ஆகவே முதல் கவனம் கண்ணுக்கு. கடைசி வரிசைக்காரர் கண்ணைப் பார்த்துத்தான் கதையைப் புரிந்துகொள்கிறார். மேலிமைக் கோட்டைத் தடிமனாக இழுத்து வெளியே நீட்ட வேண்டும். கீழ்க்கோடும் நீளலாம். ஆனால் இரண்டும் ஓரத்தில் முட்டிக்கொள்ளக் கூடாது. முட்டினால் தூரத்துக்குக் கண் சின்னதாகிவிடும். நடுவே சிறு இடைவெளி இருந்தால் கண் அகன்று தெரியும். மூக்கின் இரு பக்கமும் சொந்த நிறத்தைவிட இரண்டு படி அடர்ந்த பழுப்பு; தண்டின்மேல் ஒரு படி மட்டும் வெளிச்சம்.

அடுத்தது விளக்கின் நிறம். சிவப்பு விளக்கில் சிவப்பு ரூஜ் மறைந்துபோகும். பச்சை விளக்கில் அதே ரூஜ் கன்னத்தில் அழுக்குபோல் கறுத்துத் தெரியும். நீல விளக்கில் சிவந்த உதடு கருநீலமாகிவிடும். சிவபெருமான் ஆலகாலம் உண்ட கட்டத்துக்கு நீலம் போடும் லைட்டிங்காரர்கள் நாயகியின் உதட்டைப் பற்றி யோசிப்பதில்லை. ஒத்திகையன்று அவரிடம் போய், எந்த உருப்படிக்கு என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டால் தொல்லை பாதி தீரும். பழைய டங்ஸ்டன் விளக்குகள் சுமார் 3,200 கெல்வின், அதாவது மஞ்சள் தூக்கலான வெளிச்சம். அதில் எல்லா முகமும் கொஞ்சம் பொன்னிறமாகி, தவறுகளும் கரைந்துபோகும். இப்போது அரங்குகளில் வந்திருக்கும் எல்.இ.டி. விளக்குகள் அவ்வளவு தயவு காட்டுவதில்லை. சில மலிவான எல்.இ.டி.க்களில் சிவப்பு குறைவு. தோல் வெளிறி, பச்சை தட்டிப்போகும்.

எங்கள் ஆல்பத்தின் விபத்துக்குக் காரணமும் விளக்குதான். அரங்கத்தில் ஃபிளாஷ் போட அனுமதி கிடையாது. ஆகவே பெரிய படங்களை ஆட்டத்துக்கு முன்பே, ஒப்பனை அறை வாசலில் நிறுத்தி, ஃபிளாஷ் அடித்து எடுத்தார்கள். ஃபிளாஷின் வெளிச்சம் நண்பகல் வெயிலைப் போன்றது, ஏறக்குறைய 5,500 கெல்வின். இருபது வரிசை தூரத்துக்காகவும் மஞ்சள் வெளிச்சத்துக்காகவும் வரைந்த முகத்தை நான்கடி தூரத்திலிருந்து வெள்ளை வெளிச்சத்தில் பிடித்தால் அது சுவரொட்டிதான். போதாக்குறைக்கு, பல பவுடர்களிலும் வெயில் தடுப்புக் களிம்புகளிலும் டைட்டானியம் டையாக்ஸைடு, துத்தநாக ஆக்ஸைடு இருக்கின்றன. நேரில் பார்க்கும்போது தெரியாது. ஃபிளாஷ் பட்டால் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடித்து, நெற்றியும் மூக்கும் சுண்ணாம்பு அடித்தாற்போல் பளிச்சிடும்.

கேமராவுக்கென்று போடும்போது எல்லாவற்றையும் பாதியாக்க வேண்டும். கோடுகள் மெலிய வேண்டும். மூக்கோரத்துப் பழுப்பின் விளிம்பு தெரியாமல் கரைய வேண்டும். புருவத்தைப் பட்டையாகத் தீட்டாமல் மயிர் மயிராக வரைய வேண்டும். அழைப்பிதழுக்கான படத்தை நிகழ்ச்சிக்குச் சில வாரம் முன்பே தனியாக எடுத்துவிடுவது உத்தமம். நிகழ்ச்சி நாளன்றே எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், முதலில் படத்துக்கான மெல்லிய ஒப்பனை. படம் முடிந்தபின் அதன்மேல் கோடுகளைத் தடிப்பாக்கி மேடைக்குப் போகலாம். கூட்டுவது எளிது, குறைக்க முடியாது. முகம் தயாரானதும் யாரிடமாவது செல்போனைக் கொடுத்து ஃபிளாஷோடு ஒரு படம், ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம். முப்பது வினாடி வேலை. ஆனால் அந்தப் போனில் 'பியூட்டி' வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் மேக்கப்காரர்கள் கையால் செய்யும் வெளுப்பு வேலையை அது சொல்லாமலே செய்துவிடும்.

கேமராவுக்கும் கறுப்புத் தோலுக்கும் பழைய பகை உண்டு. கலர் பிலிம் காலத்தில் கோடக் நிறுவனம், படம் கழுவும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பிவந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அதற்கு நின்றவரின் பெயரால் 'ஷெர்லி' அட்டை. அவள் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று கணக்கு. கறுத்த முகங்கள் மை பூசியதுபோல் விழுந்ததைப் பற்றிப் பல காலம் கவலை இல்லை. பிலிமைத் திருத்தும் முயற்சிக்கு ஒரு உந்துதலாக இருந்தது யாருடைய புகார் தெரியுமா? சாக்லெட், மர நாற்காலி விளம்பரங்களில் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று குறைப்பட்ட வியாபாரிகளுடையது. பலவிதத் தோல் நிறங்கள் கொண்ட அட்டை வர 1990-கள் ஆயிற்று.

பெட்டிக்குள் இருக்கும் நிறங்களின் கதையும் வேறல்ல. பெர்லினில் லூத்விக் லைக்னர் என்ற ஓபரா பாடகர் 1873-ல் மேடை ஒப்பனைக் குச்சிகளைத் தயாரிக்க ஆரம்பித்தார். மாக்ஸ் ஃபேக்டர் கலர் சினிமாவுக்காகச் செய்த பான்கேக் 1938-ல் கடைக்கு வந்தது. ஈர ஸ்பாஞ்சால் பூசும் அந்த வில்லைக்கு நம் ஊரில் கிடைத்த மரியாதை, கம்பெனிப் பெயரே பொதுப்பெயரானது. சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் அது எந்த அளவில் செலவானது என்பதை அசோகமித்திரனின் ஆங்கில நினைவுக் குறிப்புகளில் படிக்கலாம். அதிலிருந்து எடுத்த பகுதியை டெல்லிப் பள்ளிகளின் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடமாகப் பல ஆண்டு மாணவர்கள் படித்திருக்கிறார்கள். தலைமை ஒப்பனைக்காரர் கதாநாயகனுக்குப் போட, கூட்டத்துக்குப் பூசுகிற வேலை ஆபீஸ் பையனுக்குப் போய்ச் சேரும் அங்கே. ஒரு பெரிய பாத்திரத்தில் சாயத்தைக் கரைத்து வரிசையாக அப்பிக்கொண்டே போவது. பள்ளி ஆண்டு விழாக்களில் முப்பது குழந்தைகளுக்கு ஒரே ஸ்பாஞ்சு, ஒரே மைக்குச்சி, ஒரே லிப்ஸ்டிக் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாத்திரம் இன்னும் காலியாகவில்லை என்று தோன்றும். மறுவாரம் ஒரு குழந்தைக்குக் கண்வலி என்றால் எல்லாக் குழந்தைக்கும் கண்வலி. மைக்குச்சியும் ஸ்பாஞ்சும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டியவை.

இந்தியாவில் லக்மே 1952-ல் வந்தது. ஆனால் அடர்ந்த தோலுக்கான நிறங்கள் கடைகளில் தாராளமாகக் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. பாடகி ரிஹானாவின் நிறுவனம் 2017-ல் ஒரே சமயத்தில் 40 நிறங்களோடு கடை விரித்தபின் மற்றவர்களும் விழித்துக்கொண்டார்கள். 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை 2020-ல்தான் எடுத்தது. ஆகவே இன்று நிறம் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. பெட்டியில் வாங்கி வைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

தேர்ந்தெடுப்பதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. புறங்கையில் தடவிப் பார்த்து வாங்காதீர்கள். தாடை எலும்பின்மேல், கழுத்தோடு சேரும் இடத்தில் மூன்று நிறங்களைக் கோடாக இழுத்து, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அது உங்களுடையது. மேடைக்கு அதே ஆழம், கொஞ்சம் மஞ்சள் தூக்கலாக இருக்கலாம். ரோஜா சாயல் உள்ள அடிப்பூச்சு நம் தோலில் சாம்பல் பூத்துவிடும். சரியான நிறம் இல்லையென்றால் அடர்ந்த பழுப்பு ஸ்டிக்கையும் மஞ்சள் கலந்த இன்னொன்றையும் உள்ளங்கையில் குழைத்துக்கொள்ளலாம். கண்ணடிக் கருமையை வெள்ளை கொண்டு மூடினால் சாம்பல்தான் மிஞ்சும். முதலில் மெல்லிய ஆரஞ்சு, பிறகு அடிப்பூச்சு. கன்னத்துக்கு இளஞ்சிவப்பு வேண்டாம், செங்கல் சிவப்பு நிற்கும். கழுத்து, காது, பிடரி எல்லாவற்றுக்கும் கை போக வேண்டும். நெற்றிச்சுட்டியும் ராக்கொடியும் ஏறிய பிறகு அங்கெல்லாம் எட்டாது.

சென்னையில் எதிரி வியர்வை என்றால் டெல்லியில் எதிரி வறட்சி. இங்கே நாட்டிய சீசன் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஒற்றை இலக்கக் குளிர். சென்னையில் செய்வதுபோல் முகத்தில் ஐஸ் தேய்த்து உடனே பவுடர் போட்டால், ஜதிஸ்வரம் முடிவதற்குள் வாயோரம் வெடித்துவிடும். களிம்பு தடவிக் கால்மணி நேரம் விட்டு, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்தபின் ஸ்டிக். பவுடர் குறைவாக. புது அல்தா, புது ஒட்டுப்பொட்டு எதையும் இரண்டு நாள் முன்பே கையின் உட்புறத்தில் சோதித்துவிடுவது நல்லது. ஒட்டுப்பொட்டின் பசையில் உள்ள ஒரு ரசாயனம் சிலருக்கு நெற்றியில் வெள்ளைத் தழும்பை உண்டாக்குவதைத் தோல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சாந்தினி சவுக்கில் விற்கும் கல் சுர்மாவில் ஈயம் இருக்கக்கூடும், கண்ணுக்கு அது வேண்டாம். கலைக்கும்போது சோப்பு வேண்டாம். தேங்காய் எண்ணெய், பஞ்சு, பொறுமை.

என் அக்காள் மகள் இப்போது குர்கானில் வேலைக்குப் போகிறாள், சனி ஞாயிறுகளில் ஆடுகிறாள். யாரையும் முகத்தில் கை வைக்க விடுவதில்லை. பழைய பிஸ்கட் டப்பா ஒன்றுதான் மேக்கப் பெட்டி. அதில் இரண்டு பழுப்பு ஸ்டிக், மஞ்சளாக ஒன்று, தனக்கென்று ஸ்பாஞ்சு, ஒரு டார்ச். டார்ச் எதற்கென்றால், சில அரங்குகளின் ஒப்பனை அறையில் ஒரே ஒரு டியூப்லைட் இருக்கும், அதுவும் கண் சிமிட்டும்.

போன வருடம் ஒரு நிகழ்ச்சியின் அழைப்பிதழுக்காகப் படம் தேவைப்பட்டது. காலை ஒன்பது மணிக்கு, ஆர்.கே. புரத்து வீட்டு ஜன்னல் ஓரமாக நின்றாள். எதிரே வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடியில் தொங்கவிட்டு, அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் எடுத்தோம். ஃபிளாஷ் இல்லை. முகமும் கழுத்தும் கையும் ஒரே பெண்ணுடையவை. அழைப்பிதழ் அச்சாகி வந்ததும் கும்பகோணத்துக்கு ஒன்றை அனுப்பினோம். அம்மா போனில் கூப்பிட்டார். படம் நன்றாக இருக்கிறதாம், பொட்டு இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாமாம்.